ஒரு சதுர மில்லிமீட்டரில் 100 வோல்ட்

வயிற்றில் ஜெல் தடவி, புரோபை அழுத்தி நகர்த்துகிறார் டாக்டர். திரையில் குழந்தையின் முதுகெலும்பு வரிசையாகத் தெரிகிறது. அறையில் இருக்கும் எல்லோருடைய கண்ணும் அந்தத் திரையில்தான். அது எதிரொலிகளைக் கொண்டு வரைந்த படம் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. எதிரொலி வர வேண்டுமென்றால் முதலில் ஒரு குரல் போக வேண்டும். அந்தக் குரலை எழுப்பும் சிப்பைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. வாயில் என்ற முனையில் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காத டிரான்சிஸ்டர்களை வைத்துக்கொண்டு, 100 வோல்ட்டை விநாடிக்கு 50 லட்சம் முறை என்ற வேகத்தில் ஏற்றி இறக்குகிறது அது. எப்படி என்று பார்க்கப் பார்க்க வியப்பு கூடிக்கொண்டே போகிறது.

முதலில் குரலின் அளவைப் பார்ப்போம். மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். மருத்துவ ஸ்கேன் பயன்படுத்துவது 20 லட்சத்திலிருந்து ஒன்றரைக் கோடி வரை. அதாவது 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ். கேட்கும் எல்லையைத் தாண்டிய ஒலி என்பதால் இதற்கு மீயொலி என்று பெயர். உடலின் மென்மையான திசுக்களில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் ஓடுகிறது. கணக்குப் போட்டால், 1 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோவிநாடி ஆகும். மைக்ரோவிநாடி என்பது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 15 சென்டிமீட்டர் ஆழத்தைப் பார்க்க ஏறக்குறைய 200 மைக்ரோவிநாடி. இதில் குரல் நீடிப்பது அரை மைக்ரோவிநாடிக்கும் குறைவு. இரண்டே இரண்டு அதிர்வு, அவ்வளவுதான். மீதி நேரம் முழுக்கக் கருவி மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு குரலுக்கு ஒரு கோடு. 128 கோடுகள் சேர்ந்தால் ஒரு படம். விநாடிக்கு 39 படங்கள் வரை எடுக்கலாம். கருவில் இருக்கும் சின்னஞ்சிறு இதயம் துடிப்பது நம் கண்முன் ஓடுவது இந்த வேகத்தால்.

அவ்வளவு சின்னக் குரலுக்கு 100 வோல்ட் எதற்கு? காரணம் உடல்தான். 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி ஒவ்வொரு சென்டிமீட்டர் கடக்கும்போதும் தன் ஆற்றலில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் இழந்துவிடுகிறது. 10 சென்டிமீட்டர் போய் 10 சென்டிமீட்டர் திரும்பினால் மிஞ்சுவது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. எதிரே இருக்கும் திசுவோ, வந்ததில் சிறு துணுக்கை மட்டுமே திருப்பி அனுப்பும். ஆழத்திலிருந்து வரும் எதிரொலி மின்குறியாக மாறும்போது சில மைக்ரோவோல்ட்தான் தேறும். போனது 100 வோல்ட், வந்தது அதில் கோடியில் ஒரு பங்கு என்றால், போகும்போதே உரக்கப் போயாக வேண்டும்.

மின்சாரத்தை ஒலியாக மாற்றும் பொருளும் அதிக மின்னழுத்தத்தையே கேட்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நெளியும் என்ற எதிர்த்திசை விளைவும் மறு ஆண்டே உறுதியானது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட இந்த நெளிவைக் கடலுக்கடியில் ஒலியாக்கினார் பால் லாஞ்சவான். 1958-ல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவர் குழுவினரும் அதையே கர்ப்பிணிகளின் வயிற்றுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைய புரோபில் படிகத்தின் இடத்தில் பீங்கான் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. 128 மெல்லிய கீற்றுகளாக அறுக்கப்பட்ட அதில் ஒவ்வொரு கீற்றுக்கும் தனிக் கம்பி, தனி மின்சுற்று. அந்த மின்சுற்றுக்குப் பெயர் துடிப்பாக்கி. ஆங்கிலப் பெயரிலேயே பல்சர் என்று பொறியாளர்கள் அழைப்பது இதைத்தான். எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் விற்கும் ஒரு சிப்பில் இப்படி நான்கு துடிப்பாக்கிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மேலே 90 வோல்ட், கீழே 90 வோல்ட் என்று ஊசலாடி 2 ஆம்பியர் வரை கொடுக்கும். மொத்த ஊசல் 180 வோல்ட்.

இனிதான் சிக்கல் தொடங்குகிறது. டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் கதவு. அதற்கு மூன்று முனைகள்: மின்துகள்கள் நுழையும் மூலம், வெளியேறும் வடிகால், திறக்கவா மூடவா என்று ஆணையிடும் வாயில். வாயிலுக்கும் சிலிக்கானுக்கும் நடுவே கண்ணாடி போன்ற ஓர் ஆக்சைடு படலம் உண்டு. 5 வோல்ட் டிரான்சிஸ்டரில் அதன் தடிமன் ஏறத்தாழ 12 நானோமீட்டர். ஒரு நானோமீட்டருக்கு 1 வோல்ட் என்ற அளவைத் தாண்டினால் அந்தப் படலம் துளைபட்டுப் போகும். அதன் மேல் 100 வோல்ட் விழுந்தால் டிரான்சிஸ்டர் அக்கணமே செத்தது. படலத்தைத் தடிமனாக்கலாமே என்றால், வாயிலின் ஆணை வலுவிழந்து கதவு மந்தமாகிவிடும். மெகாஹெர்ட்ஸ் வேகம் போய்விடும்.

பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். வாயிலை 5 வோல்ட்டுக்கே விட்டுவிட்டு, வடிகாலைத் தள்ளி வைத்தார்கள். இடையில் சில மைக்ரோமீட்டர் நீளத்துக்கு, மின்துகள்களின் அடர்த்தி குறைவான ஒரு சிலிக்கான் நிலம். இழுவைப் பகுதி என்று இதைச் சொல்லலாம். 100 வோல்ட்டும் இந்த நிலத்தின் குறுக்கே படிப்படியாகக் குறைந்து, வாயிலை எட்டும்போது ஆபத்தில்லாத அளவுக்கு வந்துவிடுகிறது. சிலிக்கான் ஒரு மைக்ரோமீட்டருக்கு ஏறத்தாழ 30 வோல்ட் தாங்கும். ஆனால் மின்புலம் நிலம் முழுக்கச் சமமாகப் பரவாது. ஒரு மூலையில் குவிந்து அங்கேயே உடைத்துவிடும். 1979-ல் பிலிப்ஸ் ஆய்வகத்தின் ஆப்பெல்ஸும் வாயஸும் இதற்கு ஒரு தீர்வு சொன்னார்கள்: இழுவைப் பகுதியை மிக மெல்லியதாக்குங்கள், அடியிலிருக்கும் எதிர்வகைச் சிலிக்கான் அதிலுள்ள மின்துகள்களைக் கீழிருந்து விலக்கிவிடும், மூலையில் குவிந்த மின்புலம் மேற்பரப்பு நெடுக விரிந்துவிடும். மெல்லியதாக்கினால் பலவீனமாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கே மெலிவே வலிமை. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக அழகான கருத்து இதுதான். 1980-களின் நடுவில் இத்தாலியின் எஸ்ஜிஎஸ் நிறுவனம் இத்தகைய வலுவான டிரான்சிஸ்டர்களையும் கணக்குப் போடும் சிறு டிரான்சிஸ்டர்களையும் ஒரே சிப்பில் வார்க்கும் முறையை நிலைநிறுத்தியது. அந்த எஸ்ஜிஎஸ்தான் பிற்காலத்து எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ்.

அடுத்தது ஆணையிடும் பிரச்சினை. துடிப்பாக்கியில் இரண்டு பெரிய டிரான்சிஸ்டர்கள் இருக்கும். ஒன்று வெளிமுனையை மேலே இழுக்கும், மற்றது கீழே இழுக்கும். மேலே இழுக்கும் டிரான்சிஸ்டரின் மூல முனை இருக்கும் இடமே 100 வோல்ட் என்று வையுங்கள். அதைத் திறக்க வாயிலில் 105 வோல்ட் வேண்டும், மூட 100 வோல்ட் வேண்டும். ஆணை கொடுக்கும் மின்சுற்றோ தரையில், 0-வுக்கும் 5-க்கும் இடையே வாழ்கிறது. உயர்மின் கம்பியில் காகம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு காலும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. மேல் டிரான்சிஸ்டரும் அதை இயக்கும் குட்டி மின்சுற்றும் இந்தக் காகத்தைப் போலத்தான். தமக்குள் 5 வோல்ட் வேறுபாடு மட்டும் வைத்துக்கொண்டு, தரையிலிருந்து 100 வோல்ட் உயரத்தில் ஒரு தனித்தீவாக மிதக்கின்றன. தீவைச் சுற்றிச் சிலிக்கானில் ஆழமான அகழி வெட்டி, ஆக்சைடால் நிரப்பியிருப்பார்கள்.

தரையிலிருந்து அந்தத் தீவுக்குச் செய்தி அனுப்புவது மட்ட மாற்றி என்ற மின்சுற்று. கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டிய இடம் இது. உயர்மின்னழுத்தம் தாங்கும் இரண்டு மெல்லிய டிரான்சிஸ்டர்கள் தரையில் நின்று தீவை நோக்கி இரண்டு கம்பிகள் நீட்டுகின்றன. ஒன்றில் சில நானோவிநாடி மின்னோட்டம் இழுத்தால் 'திற'; மற்றதில் இழுத்தால் 'மூடு'. தீவிலிருக்கும் ஒரு நினைவுச்சுற்று கடைசியாக வந்த ஆணையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆணை வந்த பிறகு கம்பியில் மின்னோட்டமே தேவையில்லை, மின்சாரம் வீணாகாது. நானோவிநாடி என்பது மைக்ரோவிநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனால் தீவு ஓரிடத்தில் நிற்பதில்லை. பல வடிவமைப்புகளில் வெளிமுனையோடு சேர்ந்து தீவும் ஏறி இறங்குகிறது. 10 நானோவிநாடியில் 100 வோல்ட் ஏறுகிறது என்றால், நானோவிநாடிக்கு 10 வோல்ட். சிப்பில் அக்கம்பக்கத்தில் ஓடும் எந்த இரண்டு கம்பிக்கும் இடையே, யாரும் வைக்காமலே ஒரு துளி மின்தேக்கம் இருக்கும். தேக்கி என்பது மின்னூட்டத்தைப் பிடித்து வைப்பது. ஒரு பிக்கோஃபாரடில் பத்தில் ஒரு பங்கு என்ற துச்சமான தேக்கம்கூட இந்த வேகத்தில் 1 மில்லிஆம்பியரைப் பாய்ச்சிவிடும். தீவின் நினைவுச்சுற்றுக்கு அது உண்மையான ஆணை மாதிரியே தெரியும். மூடியிருக்க வேண்டிய கதவு திறந்தால், மேலும் கீழும் ஒன்றாகத் திறந்து, 100 வோல்ட் நேரே குறுக்கே பாய்ந்து சிப் எரிந்துபோகும். இதற்குத் தீர்வும் இரண்டு கம்பிகளிலேயே இருக்கிறது. இரண்டையும் அச்சு அசலாக ஒன்றுபோல் வரைந்துவிட்டால் பொய் மின்னோட்டம் இரண்டிலும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் வரும். உண்மையான ஆணை ஒன்றில் மட்டும்தான் வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் கண்டுகொள்ளாதே என்று நினைவுச்சுற்றுக்குச் சொல்லி வைத்தால் போதும்.

மேலே இழுப்பதற்கு வேறு வகை டிரான்சிஸ்டரைப் போட்டுத் தீவு நகராமல் செய்ய முடியாதா? முடியும். அதற்கு ஒரு விலை உண்டு. சிலிக்கானில் எதிர்மின்னைச் சுமந்து ஓடும் எலக்ட்ரான்கள், நேர்மின்னைச் சுமக்கும் துளைகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சுறுசுறுப்பானவை. துளைகளை வைத்து வேலை செய்யும் டிரான்சிஸ்டர் அதே மின்னோட்டத்தைத் தர இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தாக வேண்டும். இடமும் போகும், மேலே போகும் வேகமும் கீழே வரும் வேகமும் பொருந்தாமலும் போகலாம். இந்தப் பொருத்தம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், உடலுக்குள் ஒலி ஒரு வேடிக்கை செய்கிறது. அழுத்தம் கூடிய முகடு சற்று வேகமாகவும், குறைந்த பள்ளம் சற்று மெதுவாகவும் நகர்வதால் அலை போகப் போக உருமாறி, இரு மடங்கு அதிர்வெண்ணில் ஒரு புது ஒலி உடலுக்குள்ளேயே பிறக்கிறது. அதை மட்டும் கேட்டுப் படம் வரைந்தால், தோலுக்கடியில் உள்ள அடுக்குகளின் குழப்பம் குறைந்து படம் தெளிவாகும். ஆனால் துடிப்பாக்கி தானே அந்த இரு மடங்கு ஒலியைக் கலந்து அனுப்பிவிட்டால் எல்லாம் கெட்டது. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சரிசமமான சதுர அலையில் இரு மடங்கு அதிர்வெண் அறவே இருக்காது. ஓரிரு நானோவிநாடி பிசகினாலும் அது தலைகாட்டும்.

சூடு இன்னொரு எதிரி. ஒரு கீற்றும் அதன் கேபிளும் சேர்ந்து 200 பிக்கோஃபாரட் தேக்கம் என்று வைத்துக்கொள்வோம். அதை 100 வோல்ட்டுக்கு ஏற்றி இறக்க ஒவ்வொரு அதிர்வுக்கும் 2 மைக்ரோஜூல் வெப்பமாகக் கரைகிறது. நிற்காமல் 5 மெகாஹெர்ட்ஸில் செய்தால் ஒரு கீற்றுக்கு 10 வாட். 128 கீற்றுக்கு 1,280 வாட், ஒரு இஸ்திரிப் பெட்டியின் வேலை. நல்ல வேளையாகக் குரல் 200 மைக்ரோவிநாடிக்கு இரண்டு அதிர்வுதான். அதனால் மொத்தம் இரண்டரை வாட்டோடு முடிகிறது. அதிலும் பெரும் பங்கைக் கேபிளே விழுங்கும். சிப்பைப் புரோபுக்குள்ளேயே வைத்துவிட்டால் கேபிளின் தேக்கம் ஒழியும், ஆனால் மிச்சமிருக்கும் சூடு நோயாளியின் தோலோரம் வந்துவிடும். உடலைத் தொடும் முகம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தர விதி.

வெப்பத்தைக் குறைக்க ஓர் அற்புதமான உபாயம் இருக்கிறது. 100 வோல்ட்டுக்கு ஒரே தாவலாகப் போகாமல், முதலில் 50-க்கு ஏறி ஒரு கணம் நின்று, பிறகு 100-க்கு ஏற வேண்டும். ஒரு தாவலில் வீணாகும் ஆற்றல் தாவலின் இருமடிக்கு ஏற்ப இருப்பதால், பாதித் தாவலுக்குக் கால் பங்கு இழப்பு. இரண்டு பாதித் தாவலுக்கு அரைப் பங்கு. வெப்பம் பாதியாகிவிட்டது. இதைவிட அழகு என்னவென்றால், நடுவில் இருக்கும் அந்த 50 வோல்ட் படிக்கு மின்சாரம் வழங்கவே தேவையில்லை. ஏறும்போது அது கொடுக்கும் மின்னூட்டம், 100-லிருந்து 50-க்கு இறங்கும்போது முழுதாக அதற்கே திரும்பி வருகிறது. ஒரு பெரிய தேக்கியை அங்கே வைத்தால் போதும், கடன் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும்.

குரல் முடிந்ததும் அதே கம்பியில்தான் எதிரொலி வருகிறது. சற்று முன் 100 வோல்ட் பாய்ந்த கம்பியில், சில மைக்ரோவோல்ட்டுக்குக் காது கொடுக்கும் பெருக்கி இணைந்தாக வேண்டும். இடையில் ஒரு காவல் சுவிட்ச் நிற்கிறது. பேசும்போது மூடி, கேட்கும்போது திறக்கும். வலுவான டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றுக்குள்ளும், கேட்காமலே ஒரு பக்கமாக மின்சாரத்தை விடும் டயோடு ஒளிந்திருக்கும். அதனால் ஒன்றை மட்டும் வைத்தால் ஒரு திசையில் 100 வோல்ட் நழுவிவிடும். இரண்டை முதுகோடு முதுகு வைத்தால்தான் இரு திசையும் அடைபடும். திறந்திருக்கும்போது அவற்றின் மின்தடை மிகக் குறைவாக இருக்க வேண்டும்; தடை கூடினால் அதன் இரைச்சலிலேயே எதிரொலி மூழ்கிவிடும்.

128 கீற்றுகளும் ஒரே நேரத்தில் குரல் கொடுப்பதில்லை. 40 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு புள்ளியில் ஒலியைக் குவிக்க வேண்டுமானால், நடுவிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் ஓரக் கீற்றுக்கு 1.2 மில்லிமீட்டர் அதிகத் தூரம். அது 0.8 மைக்ரோவிநாடி முன்னதாகவே கிளம்பினால்தான் எல்லாக் குரலும் அந்தப் புள்ளியில் ஒன்றாகச் சேரும். இடையிலுள்ள கீற்றுகளுக்கு வேறு வேறு நேரம். இந்தக் கணக்கை ஒவ்வொரு கோட்டுக்கும் மாற்றி, சில நானோவிநாடி துல்லியத்தில் நடத்துகிறார்கள். எந்தப் பகுதியும் அசையாமலே ஒலிக்கற்றை உடலுக்குள் திரும்புகிறது, குவிகிறது, ஆழம் மாற்றுகிறது.

முப்பரிமாணப் படம் வேண்டுமானால் கீற்றுகள் போதாது. குறுக்கும் நெடுக்குமாக ஆயிரக்கணக்கான சதுரங்கள் தேவை. ஆயிரக்கணக்கான கம்பிகளை ஒரு கேபிளில் திணிக்க முடியாது. எனவே துடிப்பாக்கி ஒவ்வொரு சதுரத்தின் அடியிலேயே இருந்தாக வேண்டும். இங்கே பீங்கானுக்குப் போட்டியாக இன்னொரு பொருள் வந்திருக்கிறது. 1990-களில் ஸ்டான்ஃபோர்டில் குரி-யாகூப் குழு உருவாக்கிய இதில், சிப் செய்யும் முறையிலேயே, நுண்ணிய குழிகளின் மேல் மைக்ரோமீட்டர் அளவுத் தடிமனில் சவ்வுகள் விரிக்கப்படுகின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் சவ்வு குழியை நோக்கி இழுபடும். நேர்மின்னோ எதிர்மின்னோ, இரண்டுக்கும் இழுக்கவே செய்யும் என்பதால், சும்மா விட்டால் நாம் கொடுத்ததைவிட இரு மடங்கு அதிர்வெண்ணில் ஆடிவிடும். பல பத்து வோல்ட் நிலையான இழுப்பை முதலிலேயே கொடுத்து வைத்து, அதன் மேல் துடிப்பை ஏற்றினால் சொன்னபடி கேட்கும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இந்தச் சவ்வுகளுக்காகவே 100 வோல்ட் வரையும் 5 மெகாஹெர்ட்ஸ் வரையும் போகும் துடிப்பாக்கியை ஒரு சதுர மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த இடத்தில் வடிவமைத்தார்கள். 2017-ல் அமெரிக்க அனுமதி பெற்ற பட்டர்ஃபிளை ஐக்யூ என்ற கைக்கருவியில் ஏறத்தாழ 9,000 சவ்வு அலகுகளும் அவற்றின் மின்சுற்றுகளும் ஒரே சிப்பின் மேலும் கீழுமாக அமைந்துள்ளன. செல்போனில் செருகினால் ஸ்கேன் தயார்.

ஆனால் 5 மெகாஹெர்ட்ஸில் ஒரு சதுரத்தின் பக்கம் அரை அலைநீளம், அதாவது 150 மைக்ரோமீட்டர்தான் இருக்கலாம். 100 வோல்ட் டிரான்சிஸ்டரும் அதன் அகழியும் அங்கே தாராளமாகக் கால் நீட்ட முடியாது. அதனால் வடிவமைப்பாளர்கள் ஒற்றை உரத்த குரலுக்குப் பதில், நீளமான, மென்மையான ஒரு குறியீட்டை அனுப்பிப் பார்க்கிறார்கள். எட்டு துடிப்புகள், நேரும் எதிருமாக ஒரு குறிப்பிட்ட வரிசையில். ஒவ்வொன்றும் 35 வோல்ட் இருந்தாலே எட்டும் சேர்ந்து ஒரு 100 வோல்ட் துடிப்பின் ஆற்றலைக் கொண்டுவிடும். திரும்பி வரும் நீண்ட எதிரொலியை அதே வரிசையோடு ஒப்பிட்டுச் சுருக்கினால் கூர்மையான ஒரு முகடு கிடைக்கும். பக்கத்தில் சில போலி முகடுகளும் வரும். அவற்றை நீக்க மார்செல் கோலே என்ற ஸ்விஸ் வம்சாவளி அறிஞர் அகச்சிவப்பு ஒளியை ஆராயக் கண்டுபிடித்த இரட்டை வரிசைகள் கைகொடுக்கின்றன. 1961-ல் அவர் வெளியிட்ட அந்த ஜோடியில், ஒன்றின் போலி முகடுகள் மற்றதன் போலி முகடுகளுக்கு நேர் எதிர். இரண்டு எதிரொலிகளையும் கூட்டினால் போலிகள் கழிந்து, உண்மை முகடு மட்டும் இரட்டிப்பாகிறது. அதன் பிறகு சிப்பில் 35 வோல்ட் டிரான்சிஸ்டர் போதும். இழுவைப் பகுதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, மட்ட மாற்றிக்கும் காவல் சுவிட்சுக்கும் அந்தச் சதுரத்துக்குள் இடம் கிடைக்கிறது.